இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரு கம்ப்யூட்டரும்

என் கணவரும் என் தங்கை கணவரும் சகலைகள். மழை பெய்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால், மற்றவர் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். இவர்கள் கையில்தான் அப்பாவின் கம்ப்யூட்டர் சிக்கியது.

அப்பா ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துக் கட்டம் தயாரிப்பவர். அம்மா போனபிறகு அவரை எழுந்து, சவரம் செய்து, மேஜை முன்னால் உட்கார வைத்தது அந்தக் கட்டம்தான். ஒருநாள் திரையில் சிவப்பாக ஏதோ எச்சரிக்கை வந்தது. பயந்துபோய் இரண்டு மாப்பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டார். ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் கணவர் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீடு செய்பவர். எரியாத வீடும் மோதாத காரும் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. இருப்பதிலேயே விலை அதிகமான ஆன்டிவைரஸை வாங்கிப் போட்டார். "சல்லிசா கிடைக்கிறது சமயத்துல காலை வாரிடும் மாமா" என்றார். என் லேப்டாப்பிலும் அதையேதான் போட்டிருந்தார். என்னையும் யாரும் கேட்கவில்லை.

தங்கை கணவர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவர். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணன் பேரைப் பார்த்து வாங்கிட்டாரு. பரவால்ல மாமா, நான் நல்லதா ஒண்ணு போட்டுத் தரேன்" என்று இன்னொன்றைப் போட்டார். முதலில் இருந்ததை எடுக்கவில்லை. அண்ணன் போட்டதில் கை வைத்தால் மரியாதை இல்லையாம்.

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்குமா? இதை அது திருடன் என்றது, அதை இது திருடன் என்றது. நடுவில் அப்பாவின் கட்டம் திறக்கவே அரை மணி நேரம் ஆனது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பத்திரிகையிலிருந்து உதவி ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். "அப்பாவோட கட்டம் மறுபடியும் லேட்டுங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா, கம்ப்யூட்டரே போடுற கட்டத்துக்கு மாறிடலாம்னு மேல சொல்லிட்டாங்க. எனக்கே சங்கடமா இருக்கு."

ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். அப்பா திரைக்கு முன்னால் இருந்தார். மௌஸைப் பிடிக்கவே தயங்குகிற மனிதர், சடசடவென்று எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் கணவர் போட்டதை நீக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"நாளைக்கு சின்ன மாப்பிள்ளை வராருல்ல" என்றார், கண்ணை எடுக்காமல்.

விஷயம் இதுதான். இரண்டும் சேர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் நகராது. அதனால் சின்னவர் வருகிற நாளில் பெரியவருடையதை எடுத்துவிட்டுச் சின்னவருடையதைப் போடுவார். பெரியவர் வந்தால் இது போகும், அது வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட்டது எல்லா ஃபைலையும் முதலிலிருந்து மோப்பம் பிடிக்கும். அதுவரை அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டம் தாமதமானது இப்படித்தான். இன்று நீக்கும் வேலை பாதியில் நின்று, கட்டம் இருந்த ஃபைலே திறக்க மறுத்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏம்பா, ஒருத்தரோடது போதும், இன்னொண்ணு வேணாம்னு சொல்றதுக்கு என்ன? நீங்க என்ன வாயில்லாப் பூச்சியா?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரோடதை வேணாம்னு சொல்றது? சின்னவரோடதை எடுத்தா தங்கச்சி அங்க பேச்சு கேக்கணும். பெரியவரோடதை எடுத்தா நீ கேக்கணும். எனக்கு வைரஸே தேவலம்மா."

போன வருஷம் அப்பா கண் டாக்டரிடம் போகச் சின்னவரைத் துணைக்குக் கூப்பிட்டார். அதற்கு என் வீட்டில் மாப்பிள்ளை முறுக்கு ஒரு மாதம் தளரவில்லை. அப்பாவிடம் நான் மூச்சு விட்டதில்லை. தங்கையும் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவர் எங்களுக்கு விழுகிற இடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

"எந்திரிங்க" என்றேன்.

இரண்டு கம்பெனிகளுமே தங்கள் சரக்கை வேரோடு பிடுங்க ஒரு கருவி கொடுக்கின்றன. தேடி எடுத்து, இரண்டையும் துடைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும், அதோடு கூடவே வந்த பாதுகாப்பு தானாக விழித்துக்கொண்டது. இலவசம், நச்சரித்துத் தொல்லை பண்ணாதது, அடிக்கடி தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. கண்ட இடத்தில் அழுத்தாத அப்பாவுக்கு அது போதும்.

"இது போதுமாப்பா?" என்று கேட்டேன். அவரை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "சத்தமே போடலையே. எனக்கு மூணாவது பொண்ணு இருந்தா இந்த மாதிரி ஒருத்தருக்குத்தான் குடுத்திருப்பேன்" என்றார்.

ஃபைல் திறந்தது. சாயங்காலத்துக்கு முன்பே கட்டம் போய்விட்டது. நான் அங்கிருந்தே இரண்டு பேருக்கும் போன் செய்து, "ரெண்டையும் நான்தான் எடுத்தேன். ஏதாவது கேக்கணும்னா என்னைக் கேளுங்க" என்றேன். அப்பா அறையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்று ராத்திரி என் கணவர் கேட்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். தான் கொடுத்த காசு, தன் அக்கறை, தனக்கில்லாத மரியாதை, எங்கள் குடும்பத்துக்கே உரிய நன்றி கெட்டதனம். நடுவில் என் போன் அடித்தது. அப்பா.

"மாப்பிள்ளை ஏதாவது சொன்னாராம்மா?"

என் கணவர் எதிரில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

"இல்லப்பா. நல்லதாப் போச்சுன்னாரு."

அப்பா மெதுவாக, "பழையதையே திரும்பப் போட்டுடவாம்மா? மாத்தி மாத்திப் போடறது எனக்கு இப்போ சீக்கிரமா வருது" என்றார்.