அரை கிளட்ச்

...இன்னும் ஆறு மணி நேரம், இல்லை, ஐந்தே முக்கால்தான், ஐந்து மணிக்கு ஜீப்பு வந்துவிடும் என்று சூர்யகலா போனில் சொன்னாளே, அவன் வேலை பார்க்கிற ஏலத்தோட்டத்துக் காவல்காரர் பெண்டாட்டி, அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை, "சேச்சி, அண்ணன் பெட்டியெல்லாம் கட்டியாச்சு, குடகுல காப்பித் தோட்டத்துச் சோலியாம், மூணாறு வழியாப் போறாராம்" என்று. மூணாறு வழியாகப் போகிறவன் போடிக்கு இறங்க மாட்டான், சிலமலையில் தாலி கட்டிக்கொண்டவள் ஒருத்தி இருக்கிறாளே என்று திரும்பிப் பார்க்கவும் மாட்டான்... ரேணுகா பட்டறை வாசலில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே கார் முன்சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தரத்தில் நின்றது. முந்தல் தாண்டி மூன்றாவது வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் மட்டும் கத்தியது, சக்கரம் நகரவில்லை. ஏலக்காய் மூட்டை ஏற்றி வந்த ஜீப்புக்காரர் கயிறு கட்டி இறக்கிக் கொண்டுவந்து இங்கே விட்டார். இன்றைக்கா, இத்தனை நாளை விட்டுவிட்டு இன்றைக்கா?

"பன்னிரண்டரைக்குப் பூப்பாறை பஸ்சு இருக்கு மதினி, அதுல போனா தோட்டத்துக்கு நேரத்துல போயிரலாம்" என்று காருக்கு அடியிலிருந்து பால்ராஜ் சொன்னான். இவள் புருஷன் சிவக்குமாரை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தவன், அதனால் இவள் மதினி. "இல்ல தம்பி, கார்லதான் போகணும்." ஏன் கார்? ஏனென்றால் எல்லாம் இந்தக் காரால் வந்தது. இவளுடைய அண்ணன் புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்று, காரை விற்றுவிட்டு ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கலாமா என்று அவன் சாதாரணமாகத்தான் கேட்டான், இவள்தான் உறவு மொத்தமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், "எங்கப்பா வாங்கிக் குடுத்த காரு, அதை விக்க ஒங்களுக்கு என்ன பாத்தியதை?" என்றாள். சாதத்தில் வைத்த கையை அவன் அப்படியே எடுத்தான், கழுவினான், சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்தான், மலைக்குப் போகிற ஜீப்பில் ஏறிவிட்டான். ஏழு வாரம். அந்தச் சாவியை அவன் கையில் வைக்க வேண்டும், அதற்குத்தான் கார்... அதற்குத்தானா? பஸ்ஸில் போனால் வாசல் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு திரும்ப முடியாது. காரென்றால் திருப்பிக்கொள்ளலாம். சீ, என்ன நினைப்பு இது.

பன்னிரண்டரை பஸ்சு ஆரன் அடித்துக்கொண்டு போனதைக் கேட்டாள், எழுந்திருக்கவில்லை. கியர் பாக்ஸை இறக்கிவிட்டு, பால்ராஜ் வட்டமான கறுத்த பிளேட் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தான். "பாருங்க மதினி, மேல் பூச்சு தேஞ்சு ரிவிட்டு ஆணி தெரியுது. தோசைக்கல்லு கணக்காக் காஞ்சிருந்திருக்கு, ஒரு முட்டைய ஒடச்சு ஊத்திருக்கலாம்." சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "இது ஓடித் தேஞ்ச பிளேட்டு இல்ல, நின்னு தேஞ்சது. மேட்டுல கைப்பிரேக்கு போடாம அரை கிளட்ச்சிலயே பிடிச்சுக்கிட்டு நின்னீகளா?" என்றான்.

நின்றாள். கல்யாணமான புதிதில் தோட்டத்து ஜீப்பில் அவன்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தான், அந்த ஜீப்புக்குக் கைப்பிரேக் பிடித்த நாளே கிடையாது, "கையை நம்பாத புள்ள, காலை நம்பு, பாதி மிதி, பாதி விடு, வண்டி ஒன் பேச்சைக் கேக்கும்" என்று இவள் முழங்கால் மேல் கைவைத்து அழுத்திக் காட்டுவான், மலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஏறிப் போனாள், வீட்டில் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு. தோட்டத்துக் கேட்டுக்குக் கீழே, செங்குத்தான மேட்டில், இன்னும் முப்பதடி, கைப்பிரேக்கைப் போட்டால் இறங்கி நடக்க வேண்டும், காலை எடுத்தால் பின்னால் உருள வேண்டும், அதனால் இரண்டும் இல்லாமல் கால் நடுங்க நடுங்க கால் மணி நேரம், அரை மணி நேரம், கருகல் வாடை வரும்வரை... பிறகு இறங்கி வந்துவிடுவாள். ஒரு ஆளும் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நிம்மதி, முந்தல் வந்ததும் ஒரு அழுகை.

மணி ஒன்றாகப் போகிறது. புது பிளேட் வாங்கத் தேனிக்குப் போக வேண்டுமே, போய்வர இரண்டு மணி நேரம், மாட்ட இரண்டு மணி நேரம், ஐந்து மணி அவ்வளவுதான், முடிந்தது... "தம்பி, ஒன்னையக் கும்பிட்டுக் கேக்குறேன், யாரையாச்சும் வண்டியில அனுப்பு." பால்ராஜ் அலமாரியைத் திறந்து பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தான். "எதுக்கு அனுப்பணும்? ஒங்க வண்டிக்குத்தான் மூணு வாரமா வாங்கி வச்சிருக்கேன்." பிறகு தலையைச் சொறிந்தான். "அண்ணன்தான் போன் போட்டாரு. 'ஒங்க மதினி வண்டி மேட்டுல நிக்கிற சத்தம் சரியில்லடா, கிளட்ச் போகப்போகுது, வந்தா மாத்திக் குடுத்துரு, நான் சொன்னேன்னு சொல்லாத'ன்னாரு. நான் ஒரு ஓட்டவாய்."

சத்தம். இரண்டு வளைவு கீழே வருகிற வண்டி யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவனாயிற்றே அவன். கேட்டிருக்கிறான். ஏழு ஞாயிறும் கேட்டிருக்கிறான், கேட்டுக்கு அந்தப் பக்கம், முப்பதடியில், அவனும் வெளியே வராமல், உள்ளே போகாமல் நின்றிருக்கிறான்... அழ வேண்டுமா, ஆத்திரப்பட வேண்டுமா? இப்படி இரண்டு பேரா? பால்ராஜ் மறுபடி காருக்கு அடியில் படுத்துவிட்டான், மூன்றரைக்குள் தந்துவிடுகிறேன் என்றான், மூன்றரைக்குக் கிளம்பினால் ஐந்துக்குள் போய்விடலாம், லாரி எதுவும் வளைவில் சிக்காமல் இருந்தால், பனி இறங்காமல் இருந்தால்... ஆனால் மாத்திக் கொடு என்றவன் எதை நினைத்துச் சொன்னான், அந்த முப்பதடியையும் இவள் ஏறி வரட்டும் என்றா, இல்லை, நான் இல்லாத ஊரில் இவள் வழியில் எங்கும் நின்றுவிடாமல் இருக்கட்டும் என்றா? ரேணுகா அந்தக் கறுத்த பிளேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு முழுதாக ஆறவில்லை.