பட்டன் குரைத்த அமாவாசை

நாய்னாலே எனக்கு ஆகாது. முதல்லயே சொல்லிடறேன். பட்டு நெய்யற வூட்ல நாய்க்கு இன்னா வேலை? தறியில கட்டின பாவு நூல்ல ஒரு நகம் பட்டா இழை அறுந்து தொங்கும், அப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணா முடி போடணும். பிள்ளையார்பாளையத்துல எங்க தெரு நாய்ங்களுக்கெல்லாம் என் குரல் தெரியும். அம்சவேணி கதவைத் திறக்கறான்னா எழுந்து எதிர்ப்பக்கம் போயிடும். அப்படிப்பட்ட நான் ஒரு நாய்க்காகக் கூடப் பொறந்தவளையே ஏமாத்தப் பாத்தேன். கேட்டா சிரிப்பீங்க. சிரிங்க, எனக்கு இன்னா.

அந்த நாய் என் தங்கச்சி கலாவதியோடது. அவளைப் பொண்ணு பாக்க மெட்ராஸ்லேர்ந்து வந்தப்ப, மாப்பிள்ளையோட அம்மா உக்காந்த கொஞ்ச நேரத்துல சொன்னாங்க, "பொண்ணு சின்னதா, சத்தமில்லாம இருக்குது. ஃபிளாட்டுக்கு ஏத்த பொண்ணு." எனக்குச் சிரிப்பு பொத்துக்கினு வந்துது. கலாவா சத்தமில்லாதவ?

கோர்வைச் சேலை நெய்யத் தறிக்கு ரெண்டு பேர் வேணும். உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர். நடுவுல உக்காந்து நான் உடம்பை நெய்வேன், பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கரைக்கான நூல் சுத்தின நாடாவைக் குறுக்கால வீசணும். எங்க தறியில அந்த எடம் கலாவோடது. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அங்க உக்காந்து பேசிக்கினே இருப்பா. தறி சத்தத்தைத் தாண்டிக் கேக்கணுமில்ல, கத்தித்தான் பேசுவா. சேலை முடியும், அவ பேச்சு முடியாது. அவ கல்யாணமாகிப் போனதும் நான் கோர்வையை விட்டுட்டேன். வேற ஆளை அங்க உக்கார வைக்க மனசு வரல. ஒத்தைக் கலர் சேலையா நெய்துக்கினு இருந்தேன்.

மாப்பிள்ளை பேர் திருஞானசம்பந்தம். ஆபீஸ் உத்தியோகம், மூணாவது மாடியில ஃபிளாட். தங்கமான மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனா காலையில போனா விளக்கு வெச்சப்புறம்தான் வருவார். கலாவுக்குத் துணையா ஒரு நாய் இருக்கட்டும்னு நெனைச்சிருக்கார். ஃபிளாட்டுல எந்த நாயை வெச்சுக்கலாம்னு ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட விசாரிச்சிருக்கார். அல்சேஷன் ஆகாது, எடம் பத்தாது. சடை நாய் ஆகாது, வாய் ஓயாது. கடைசியில பெரம்பூர்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் அம்மா, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோறவங்க, தன் நாயைக் கொடுத்தாங்க. பீக்கினீஸ்னு ஜாதி பேராம். சின்ன உருவம், சப்பை மூக்கு, உருண்டைக் கண்ணு. ஓடாது, தாவாது, குரைக்கறதும் அபூர்வம், ஃபிளாட்டுக்கு ஏத்த நாய்னு சொல்லிக் கொடுத்தாங்களாம். தங்கச்சிக்குக் கொடுத்த அதே சர்டிபிகேட்டு நாய்க்கும். பேர் பட்டன்.

அந்தப் பட்டன் ஃபிளாட்டுக்குப் போன கொஞ்ச நாள்ல குரைக்க ஆரம்பிச்சுது. மாப்பிள்ளை வூட்ல இருக்கறப்ப குரைக்காது. அவர் ஆபீஸ் கிளம்பினப்புறம் பகல் பூரா குரைக்கும். கீழ் வூட்டுக்காரர் மாடி ஏறி வந்து சண்டை போட்டார். கலா நாயைக் கூடையில வெச்சு, பஸ் ஏறி, என் வூட்டுக்கு வந்துட்டா.

வந்து நின்னு இன்னாவோ சொன்னா. தறி ஓடிக்கினு இருந்துது, எனக்குக் காதுல விழல.

"இன்னாடி? வாயைத் திறந்து சொல்லு."

மறுபடி சொன்னா. அப்பவும் உதடுதான் அசைஞ்சுது. நான் தறியை நிறுத்திக் கேக்க வேண்டியதாப் போச்சு. கொஞ்ச நாளைக்கு இவனை வெச்சுக்கோக்கான்னு சொல்லியிருக்கா. பட்டணம் போனா இப்படித்தான் மெல்லமாப் பேசுவாங்க போலன்னு நெனைச்சு விட்டுட்டேன்.

நாயைக் கொல்லையில கட்டச் சொன்னேன். அவ பஸ்ஸுக்குப் போனதும் அது கயித்தைத் தலைவழியாக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்துது. தறியை ஒரு தரம் மோந்து பாத்துது, எதுலயும் வாய் வைக்கல. வூட்ல எத்தனையோ எடம் இருக்குது. கலா உக்கார்ற எடத்துல போய்ப் படுத்துக்கிச்சு. சப்பை மூக்கில்ல, உடனே குறட்டை.

அந்த நாளுங்களை நெனைச்சா எல்லாம் தூக்கத்துல நடந்த மாதிரி இருக்குது. மத்தியான வெயில் கூரைக் கண்ணாடி வழியா இறங்கிப் பாவு மேல விழும். அரக்குப் பாவுன்னா வூடே அரக்காயிடும், அந்த நிறம் அவன் முதுகு மேல மெல்ல ஊர்ந்துக்கினு இருக்கும். தெரு பூரா தறி சத்தம், எது எங்களுது எது அடுத்த வூட்டுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. கையும் காலும் தானா ஓடும், வாய் தானா அவனை ஏதாவது திட்டிக்கினே இருக்கும், கண்ணு திறந்திருக்கும், நான் எங்கியோ போயிடுவேன். ஓரிக்கைப் பக்கம் பாலாத்து மணல்ல கலாவும் நானும் ஊத்து தோண்டினது, தோண்டத் தோண்ட விரலுக்கு அடியில தண்ணி ஜில்லுனு வந்தது, எல்லாம் வரும். குனிஞ்சு பாத்தா பட்டன் தூக்கத்துல காலை உதைச்சுக்கினு ஓடிக்கினு இருப்பான். விழிச்சா ஓடாத நாய், தூக்கத்துல எங்க ஓடுதோ. அது அதுன்னு சொல்லிக்கினு இருந்தவ, எப்ப அவன்னு சொல்ல ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியல.

விடிகாலையில தெருவுல பாவு நீட்டுவோம். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டு இழை பரப்பி நிக்கும், வெயில் ஏறறதுக்குள்ள முடிக்கணும். தெருநாய் கிட்ட வந்தா கல்லெடுத்து ஓட்டுவாங்க. பட்டன் மட்டும் பாவுக்கு அடியிலேயே ராஜா கணக்கா நடப்பான். குள்ளம், ஒரு இழை முதுகுல படாது. மஞ்சப் பட்டுக்கு அடியில மெல்லப் போய் அந்தக் கோடியில வெளிய வருவான். பக்கத்து வூட்டு காந்தா குனிஞ்சு பாத்துக்கினே கூட நடப்பா. தெருவே வேலையை விட்டுட்டுப் பாக்கும். அந்த நேரத்துல எனக்கே யாரையும் திட்டத் தோணாது.

இத்தனையிலயும் அவன் வாயைத் திறக்கல. அப்புறம் அமாவாசை வந்துது. அமாவாசைக்கு நாங்க தறியில கை வைக்க மாட்டோம். தெருவே ஓய்ஞ்சு கெடக்கும், ஏகாம்பரநாதர் கோயில் மணி பக்கத்துல அடிக்கற மாதிரி கேக்கும். என் வூட்டுக்காரர் உமாபதிக்குப் பேச்சே கம்மி, சாப்பிட்டுப் படுத்துட்டார். நான் அரிசி பொறுக்கிக்கினு உக்காந்திருந்தேன். பட்டன் எழுந்து வந்து, எதிர்ல நின்னு, என் மூஞ்சியைப் பாத்துக் குரைக்க ஆரம்பிச்சான்.

"சனியனே, இன்னாடா கேடு உனக்கு"ன்னு திட்டினேன். நிறுத்தினான். நான் வாயை மூடினதும் மறுபடி ஆரம்பிச்சான். திட்டினா அடங்கறான், விட்டா குரைக்கறான். பொழுது சாயற வரைக்கும் இதே கதை.

"தறி சத்தம் கேக்கலன்னு ஏங்கறான்"னார் உமாபதி, படுத்த மேனிக்கு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. மறுநாள் தறி ஓடினதும் அவன் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கினான்.

அப்புறம் உமாபதி சேலை கொடுக்க மெட்ராஸ் போனவர், கலா வூட்டுக்கும் போயிட்டு வந்தார். கம்மியாப் பேசற மனுஷன், பேசக் கூடாத எடத்துல பேசிட்டு வந்துட்டார். அமாவாசைக் கதையை விட்டுட்டு, உன் நாய் வாயே திறக்கறதில்லம்மான்னு சொல்லியிருக்கார். கலாவுக்கு முகமே மலர்ந்து போச்சாம். அப்படின்னா வந்து கூட்டிக்கினு போறேன் மாமான்னாளாம்.

அவனைத் தர முடியாது. அந்த எடத்துல முன்ன கலா இருந்தா, அவளை மெட்ராஸுக்குக் கொடுத்தேன். இப்ப அவன் இருக்கான். அவனையும் தூக்கிக் கொடுத்துட்டு, காலி எடத்தைப் பாத்துக்கினு நான் எப்படி நெய்யறது? வேணும், எனக்கு அவன் வேணும். யோசிச்சேன். அமாவாசை அன்னிக்கு வாடி, தறி இருக்காது, நிதானமாப் பேசலாம்னு கலாவுக்கு ஒரு கார்டு போட்டேன். தறி இல்லன்னா அவன் நாள் பூரா குரைப்பான். அவ கேப்பா, இது ஃபிளாட்டுக்கு ஆகாதுன்னு வெறுங்கையோட பஸ் ஏறிடுவா. தந்திரம்தான். பண்ணேன்.

அந்த அமாவாசைக்குக் கலா காலை பஸ்லயே வந்துட்டா. இளைச்சிருந்தா. பட்டன் அவ காலைச் சுத்திச் சுத்தி வந்தான். காபி கொடுத்தேன், குடிச்சா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா. வாழைக்காய் நறுக்கிக்கினே நான், எங்க தெருக்கோடி எல்லம்மாள் வூட்டுக் கல்யாணத்துல பாயசத்துக்காகப் பந்தியில நடந்த சண்டையைச் சொன்னேன். அவ சிரிச்சா. யார் முதல்ல கை ஓங்கினதுன்னு கேட்டா. அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆயிடுச்சு.

காக்கைக்குச் சோறு வெச்சு, நாங்களும் சாப்பிட்டு, தறிக்குப் பக்கத்துலயே பாயை விரிச்சுப் படுத்துக்கினு பேசினோம். மாகறல் கோயில்ல சின்னக் குழந்தையா அவ தொலைஞ்சு போனது, நான் அழுதுக்கினே தேடினது, அவ தூணுக்குப் பின்னால நிம்மதியாத் தூங்கிக்கினு இருந்தது. தறி ஓடாத வூட்ல, தறி ஓடற மாதிரியே கத்திப் பேசினா. தெரு பூரா தூங்குது. வெயில் பாவு மேலேர்ந்து நழுவிச் சுவத்துல ஏறிக்கினு இருக்குது. அந்தக் குரலைக் கேட்டுக்கினே எனக்குக் கண்ணு சொக்கும், தூக்கத்துலயும் அவ பேசிக்கினு இருப்பா, முழிச்சா அதே பேச்சு ஓடிக்கினு இருக்கும். எது நெசம் எது கனவுன்னு பிரிச்சுப் பாக்க எனக்கு இஷ்டமில்ல.

பட்டன் குரைக்கவே இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல குறட்டை விட்டுக்கினு கெடந்தான். பாழாப் போனவனே, இன்னிக்குப் பாத்து நல்ல பிள்ளையாகணுமான்னு மனசுக்குள்ள திட்டினேன். அப்புறம் அவ பேச்சுல அதுவும் மறந்து போச்சு.

வெயில் தாழ்ந்ததும் கலா எழுந்து முகம் கழுவினா, தலை வாரினா. "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா"ன்னா, சின்னக் குரல்ல. அதோட பேச்சு நின்னு போச்சு. நான் பாயைச் சுருட்டி மூலையில வெச்சேன். அவ கூடைக்குள்ள துணியை மடிச்சுப் போட்டா. காலையில வந்த அதே மூஞ்சி மறுபடி வந்துடுச்சு.

பட்டன் எழுந்தான். என்கிட்ட வரல. கலா எதிர்ல போய் நின்னு, அவ மூஞ்சியைப் பாத்துக் குரைச்சான். விடாமக் குரைச்சான்.

கலா கையில இருந்த கூடையைக் கீழ வெச்சா. "இன்னும் குரைக்கறானேக்கா. அப்ப வேணாம். நீயே வெச்சுக்கோ."

நான் கேக்கணும்னு நெனைச்சது அதேதான். கையில வந்து விழுந்துது. சரின்னு சொல்லியிருக்கலாம். ஆனா அவன் நின்ன நிலை எனக்குப் பழக்கமான நிலை. அரிசி பொறுக்கினப்ப என் எதிர்ல அப்படித்தான் நின்னான்.

"அங்கயும் உன் மூஞ்சியைப் பாத்துத்தான் குரைப்பானா?"ன்னு கேட்டேன்.

"ஆமாக்கா. அவர் ஆபீஸ் போனப்புறம்."

"அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருப்பே?"

"இன்னா பண்ணுவேன். சும்மா உக்காந்திருப்பேன்."

"பேச மாட்டியா?"

"யார்கிட்டக்கா பேசறது?" கலா கூடையோட காதைப் பிடிச்சுத் திருகிக்கினே சொன்னா. "போன புதுசுல பேசினேன். என் குரல் கீழ வரைக்கும் கேக்குதுன்னாங்க. இவர் மெதுவாப் பேசச் சொன்னார். எனக்கு மெதுவாப் பேச வரல. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டேன். ஒருநாள் பால்காரர் இன்னாவோ கேட்டார், பதில் சொல்ல வாயைத் திறந்தா குரலே வரலக்கா."

அவ இதைச் சொல்லி முடிக்கற வரைக்கும் பட்டன் குரைக்கல. தலையைச் சாய்ச்சுக்கினு கேட்டுக்கினு இருந்தான். தறி சத்தத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. ஊமையா உக்காந்திருக்கற மனுஷியைப் பாத்தா அவனுக்குப் பொறுக்கல, அவ்வளவுதான். தறியில உக்காந்தா என் வாய் ஓயாது, அதான் அங்க குரைக்கல. கூடப் பொறந்தவ நான், அவ ஒருநாள் வந்து உதட்டை அசைச்சுட்டுப் போனதை, பட்டணத்துப் பழக்கம்னு விட்டுட்டேன்.

பட்டனைத் தூக்கினேன். கனமே இல்ல. கூடையில வெச்சு அவ கையில கொடுத்தேன்.

"குரைப்பானேக்கா."

"குரைக்கட்டும். அவன் குரைச்சா நீ பேசு. இவன்கிட்ட பேசு, சுவத்துகிட்ட பேசு. மாப்பிள்ளை வந்தா, சட்டையைக் கழட்டறதுக்கு முன்னால ஆரம்பி. கீழ் வூட்டுக்காரர் ஏறி வந்தா, எங்க வூடு தறிக்கார வூடு, நாங்க இப்படித்தான் பேசுவோம்னு சொல்லு. அமாவாசைக்கு அமாவாசை இங்க வந்துடு."

கலா அழுதா. அழுதுக்கினே சிரிச்சா. உமாபதி உள்ளேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தார்.

பஸ் ஸ்டாண்டுல ஜன்னலோர சீட்டு கெடைச்சுது. மடியில கூடை. பஸ் கிளம்பறப்ப பாத்தேன், கலா குனிஞ்சு அவன்கிட்ட சொல்லிக்கினு இருந்தா. எல்லம்மாள் வூட்டுப் பாயசச் சண்டைதான், வெளிய நின்ன எனக்கே காதுல விழுந்துது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பாத்தார். அவ நிறுத்தல.

வூட்டுக்கு வந்தேன். தெருவுல ஒரு சத்தமில்ல. கலா எடத்துல அவன் முடி ரெண்டு மூணு ஒட்டிக்கினு இருந்துது. பட்டு நெய்யற வூட்ல நாய் முடி. எடுத்துப் போட மனசு வரல. பக்கத்துலயே உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, உமாபதி வந்து எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தார்.

"இன்னா?"ன்னேன்.

"அவன் இருந்தா இந்நேரம் உன்னைப் பாத்துக் குரைச்சிருப்பான்"னார்.

அப்புறம்தான் நான் பேச ஆரம்பிச்சேன்.