அக்காவுக்கு ஒரு பச்சை விளக்கு

அந்தச் சாலையை எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள். ஃபியூஸின் அக்கா ஒரு கையில் உயிரையும் மறு கையில் யாராவது ஒரு புண்ணியவானின் முழங்கையையும் பிடித்துக்கொண்டு கடப்பாள். அவளுக்குக் கண் அழுத்த நோய். பக்கப் பார்வை முழுக்கப் போய்விட்டது. நேர் எதிரே இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தெரியும். வீடு இந்தப் பக்கம், அவள் துணி மடிக்கும் சலவைக் கூடம் அந்தப் பக்கம். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். சாலைக்குத்தான் கண் வேண்டும்.

ஃபியூஸ் போக்குவரத்து விளக்குகள் பொருத்தும் குழுவில் மின்பணியாளன். தொட்டதற்கெல்லாம் பட்டென்று எரிந்துவிழுகிறவன் என்பதால் அக்காவே சூட்டிய பெயர் அது, வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டது. மற்றபடி தங்கமான மனிதன். அக்கா வேலைக்குக் கிளம்பிவிட்டால் அவள் போய்ச் சேர்ந்தேன் என்று போன் பண்ணும்வரை அவனுக்கு இருப்பு கொள்ளாது. அந்தப் பயத்தையும் கோபமாகத்தான் காட்டுவான்.

"நான் சம்பாதிக்கிறேன்ல? வீட்டுல உக்காந்து ரேடியோ கேக்கறதுக்கு என்ன?"

"ரேடியோவுக்கு மடிக்கத் தெரிஞ்சவ தேவையில்ல. என்னைத் தேடுற இடத்துக்கு நான் போறேன். நீ உன் வேலையைப் பாருடா."

அப்படி இருக்கையில்தான் சலவைக் கூடத்துக்கு எதிரிலேயே பாதசாரிகளுக்கு சிக்னல் வைக்க உத்தரவாயிற்று. வேலை ஃபியூஸின் குழுவுக்கே வந்தது. அன்றைக்கே அக்கா பேரம் பேசினாள்.

"அதுல நான் தனியா கடந்துட்டா, வேலையை விடச் சொல்லி நீ வாயே திறக்கக் கூடாது. முடியலைன்னா நானே விட்டுடறேன். சம்மதமா?"

சம்மதித்தான். மனசுக்குள் அவள் தோற்கட்டும் என்று நினைத்தானா, ஜெயிக்கட்டும் என்று நினைத்தானா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. கேபிளைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் பள்ளத்தில் இறக்கினான். பச்சை எரியும்போது டிக் டிக்கென்று ஒலிக்கும் கருவி ஒன்றை, வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியர் அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக் கம்பத்தில் பொருத்தினான்.

கடைசியில் சோதனை. ஃபியூஸும், ஏணி என்று எல்லோரும் கூப்பிடும் அவனுடைய உயரமான கூட்டாளியும் பொத்தானை அழுத்தி அழுத்தி இங்குமங்கும் நடந்தார்கள். பெரிய லாரிகூடப் பூனைபோல் பதுங்கி நின்றது.

"நம்மளைப் பாத்தா சலாம் போடாத குறைதாண்ணே" என்று ஏணி சிரித்தான்.

இன்ஜினியர் அம்மா கையெழுத்துப் போட்டார். கூம்புகளையும் பலகைகளையும் வண்டியில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை அக்கா பொத்தானை அழுத்தினாள். ஃபியூஸ் எதிர்ப்பக்கம் நின்றான். பச்சை எரிந்தது, டிக் டிக் கேட்டது. அவள் காலை எடுத்துவைத்தாள். நிறுத்தத்தில் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு வந்து அவள் முழங்கையை உரசிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றது. அக்கா அப்படியே நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஃபியூஸ் பாய்ந்து போய் வண்டிக்காரனின் சட்டையைப் பிடித்தான். "சிவப்பு எரியுதுல்ல? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்காவின் காதில் எல்லாமே விழும்.

வண்டிக்காரனுக்கும் பேயறைந்த முகம். "சத்தியமா தெரியலைங்க. பஸ் மறைச்சிடுச்சு."

அடி ஒன்றும் பெரிதில்லை, முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் சாயங்காலம் அக்கா சொன்னாள், "கூடத்துக்குச் சொல்லி அனுப்பிடு. நான் வரலை. நீ சொன்னதுதான் சரி."

இத்தனை நாள் அவன் தவமிருந்த வார்த்தை. கேட்டபோது இனிக்கவில்லை. அக்கா ரேடியோவைப் போட்டுக்கொண்டு, துவைக்காத துண்டு ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

சோதனையில் ஏன் ஒரு வண்டிகூடத் தப்பவில்லை என்று யோசித்துக்கொண்டே படுத்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை. அவன் முதுகில் பளபளக்கும் ஆரஞ்சு மேலங்கி இருந்தது. சாலையில் கூம்புகள் இருந்தன. வேலைக்காகப் பேருந்து நிறுத்தத்தையே தள்ளி வைத்திருந்தார்கள். மறைக்க ஒரு பேருந்தும் அங்கே நிற்கவில்லை. வண்டிகள் நின்றது விளக்குக்காக அல்ல. வேலையாட்களுக்காக.

காலையில் போய் இன்ஜினியர் அம்மாவிடம் சொன்னான். வண்டிக்காரன்மேல் பழியைப் போட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அவர் பேனாவை மூடிவைத்தார். "கையெழுத்துப் போட்டது நான்தானே. எனக்கும் தோணலை. இன்னிக்கே விளக்கை அணைச்சு மூடி வைங்க. சரி பண்ணிட்டுத் திறக்கலாம்."

பேருந்து நிறுத்தம் சிக்னலைத் தாண்டிப் போயிற்று. கம்பத்திலிருந்து சாலைக்கு மேலே நீளும் கையில், பேருந்துக்கும் உயரத்தில், இன்னொரு சிவப்பு விளக்கு ஏறியது. வண்டிகளுக்குச் சிவப்பு விழுந்து சற்றுப் பொறுத்தே நடப்பவர்களுக்குப் பச்சை விழும்படி நேரத்தை மாற்றினார்கள்.

"இந்தத் தடவை எல்லாரும் வீட்டுச் சட்டையில வாங்க" என்றார் அவர்.

கூம்பில்லை, பலகையில்லை. சாதாரணச் சட்டையில் சாலையில் கால் வைத்த ஃபியூஸ், வண்டிகளைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினான். இந்தப் பயத்தை அக்கா தினமும் இரண்டு வேளை தின்றிருக்கிறாள் என்று நினைத்தான். ஆனாலும் வண்டிகள் நின்றன. ஏணி நடந்தபோதும் நின்றன. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் கடந்தபோதும் நின்றன.

வீட்டுக்கு ஓடினான்.

"அக்கா, தப்பு என்னோடது. நாங்க மேலங்கி போட்டுக்கிட்டு டெஸ்ட் பண்ணோம். எங்களைப் பாத்து நின்ன வண்டியை, விளக்கைப் பாத்து நின்னதா நினைச்சுட்டோம். இப்போ சரி பண்ணிட்டோம். நீ தோக்கலை."

அக்கா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். "அப்போ பேரம்?"

"செல்லாது. இன்னொரு தடவை கடந்து பாரு."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடா கேடு? என் செருப்பு எங்கே?"

சாலையோரத்தில் அவன் கையை நீட்டினான். "கையை எடு" என்றாள். பொத்தானைத் தடவி அழுத்தினாள். வாகனங்கள் முனகிக்கொண்டே நின்றன. டிக் டிக் தொடங்கியது. அவள் உடனே இறங்கவில்லை. தலையை இருபுறமும் திருப்பி, சாலையின் சத்தம் அடங்கிவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு நடந்தாள். நடுவில் ஒரு கணம் நின்றாள். ஓடிப்போய்ப் பிடிக்க ஃபியூஸுக்குக் கால் பரபரத்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, மிச்சத்தையும் நடந்து, எதிர் நடைபாதையில் ஏறினாள்.

அதற்குள் வண்டிகள் பெருக்கெடுத்துவிட்டன. அந்த இரைச்சலுக்கு மேலே அக்காவின் குரல் கேட்டது.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்டா!"

ஃபியூஸ் தலையாட்டினான். அவ்வளவு தூரத்திலிருந்து அது அவளுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"சரிக்கா!"