மே கம்மூனின் காலில் தங்கிய மருந்து

மே கம்மூன் என்ற பெண் யானையின் முன்னங்கால் நகத்துக்கு மேலே மூங்கில் முளை குத்திச் சீழ் கட்டியிருந்தது. கீறிவிட்டது நான்தான். உள்ளே என் நடுவிரல் முழுசாக நுழையும் அளவுக்குப் பள்ளம். தினமும் கழுவி மருந்து விட வேண்டும். இரண்டு நாள் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவள் தும்பிக்கையை வீசியதில் வாளி, மருந்துப் பெட்டி, நான் எல்லாரும் வாழைக்கன்றுகளுக்கு நடுவே கிடந்தோம்.

அவளுடைய பாகன் திபூ மாமாதான் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"அவளுக்குக் கோபம் இல்ல டாக்டர். உங்க வாசனை வந்தாலே வலி வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா, அவ்வளவுதான்."

"அப்ப நான் குளிச்சிட்டு வரட்டுமா?"

"குளிச்சாலும் நீங்க டாக்டர்தானே."

மயக்க ஊசி போடப் பயமாக இருந்தது. வயதானவள், இதயம் சரியில்லை. தொடையில் போட்ட கிருமிக்கொல்லி ஊசியோ கால் நுனிக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை. காலை ஊன்ற முடியாத யானை ஒருநாள் படுத்துவிடும். படுத்த யானையை அதன் எடையே கொன்றுவிடும். தாய்லாந்தின் மே சேம் மலைப்பக்கம் யானை வைத்தியம் பார்க்கிற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் கன்லயா அக்காவுக்குப் போன் செய்தேன்.

அவர் சியாங் மாயில் மருந்தியல் கற்பிக்கிறவர். மருந்தைத் தாங்கி நிற்கும் ஹைட்ரோஜெல் கூழ் என்றால் ஊண் உறக்கம் மறந்துவிடுவார். மறுநாளே பழைய பிக்கப் வண்டியில் பனிக்கட்டிப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியிலிருந்து ஒரு ஊசிக்குழலை எடுத்து, தண்ணீர் மாதிரி எதையோ என் உள்ளங்கையில் விட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஜெல்லி மாதிரி உறைந்துவிட்டது.

"குளிர்ல தண்ணி. உடம்புச் சூடு பட்டா கட்டி" என்றார். "உள்ள கண்ணுக்குத் தெரியாத வலை இருக்கு சுனிசா. வலை நிறைய தண்ணி, தண்ணியில மருந்து. மெதுவா நழுவி வெளிய வரும். ஒரு தடவை நிரப்பினா ஒரு வாரம் அவகிட்டயே போக வேண்டாம்."

திபூ மாமா எட்டிப் பார்த்தார். "தேங்காய்ப்பால் ஊத்தி வித்தா நல்லாப் போகும் டீச்சர்."

அன்று மே கம்மூன் மரத்தில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தபோது, மாமா அவள் காதோரம் பேசிக்கொண்டே நிற்க, அக்கா பள்ளத்தை நிரப்பிவிட்டார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவ்வளவு சுலபமா!

மறுநாள் காலை அவள் ஓடையில் நின்றுகொண்டிருந்தாள். கரைச் சேற்றில் வழவழவென்று ஒரு கட்டி கிடந்தது. காலில் பள்ளம் காலி. சீழ் வாடை வந்தது.

அக்கா குனிந்து அந்தக் கட்டியைச் சேற்றோடு அள்ளி டப்பாவில் போட்டார்.

"அதை எதுக்கு எடுக்கறீங்க?"

"ஏன் வெளிய வந்துச்சுன்னு இதுதான் சொல்லும். எவ்வளவு ஊதியிருக்கு பாரு. ஓடைத் தண்ணிய இஷ்டத்துக்குக் குடிச்சு, பிடிமானம் விட்டுப்போய் நழுவியிருக்கு."

"அக்கா, இது ஆய்வுக்கூடம் இல்ல. ஓடையில இறங்காதேன்னு யானைகிட்ட யாரு சொல்றது? விட்டுடலாம். மயக்க ஊசிக்கே துணிஞ்சு பார்க்கறேன்."

"ஊசி போட்டா பிழைப்பாள்னு உன்னால சொல்ல முடியுமா?"

நான் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"அப்ப எனக்குக் கொஞ்சம் நாள் குடு. தண்ணியே குடிக்காத ஜெல் கிடையாது. குடிச்சாலும் சதையை விடாத ஜெல் செய்யணும்."

போகும்போது எங்கள் ஓடைத் தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போனார். சந்தையில் மாட்டிறைச்சி வாங்கி, அதில் துளை போட்டு, ஜெல்லை நிரப்பி, அந்தத் தண்ணீரிலேயே ஊறவைத்துப் பார்த்தாராம். நழுவியது. கலவையை மாற்றினார். மறுபடி நழுவியது. நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற ஒரு பொருளைச் சேர்த்த பிறகுதான் சதையைக் கவ்வி நின்றது. போனில் இதைச் சொல்லிவிட்டு உடனே சேர்த்தார். "ஆனா இப்ப ரொம்பச் சீக்கிரம் உறையுது. உங்க ஊரு வெயில்ல குழாய்க்குள்ளயே கட்டியாயிடும். பார்த்துக்கலாம்."

இங்கே நாங்களும் சும்மா இல்லை. மே கம்மூன் தானாகவே காலைத் தூக்கி மரக்கட்டைமேல் வைத்தால் மாமா வாழைப்பழம் கொடுப்பார். பிறகு ஒரு ரப்பர் குழாய் மெல்லத் தொடும்; அதற்கும் பழம். நான் தூரத்தில் மறைந்து நின்றேன். தூக்கவே மறுத்த நாட்களும் உண்டு. கால் வீக்கம் மேலேறிக்கொண்டிருந்தது. மாமா முன்போல ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

அக்கா மறுபடி வந்த நாள் வெயில் கொளுத்தியது. டாக்டர் வாசனை வராமலிருக்க, வெள்ளை அங்கி இல்லாமல், மாமாவின் மனைவியிடம் இரவல் வாங்கிய பூப்போட்ட கைத்தறிச் சட்டையில், கட்டை அருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பனிக்கட்டிப் பெட்டி. தும்பிக்கை வந்து தலையை, கழுத்தை, கையை முகர்ந்தது. அக்கா அசையவில்லை.

"கால் கீழ வந்தா ஓடிடுங்க டீச்சர்" என்றார் மாமா.

"நீங்க பழத்தைக் குடுங்க மாமா. ஓடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

கால் கட்டைமேல் ஏறியது. பனிக்கட்டியில் நனைத்த துணி சுற்றிய குழாயை அக்கா பள்ளத்துக்குள் விட்டு அழுத்தினார். பாதி நிரம்பியதும் அழுத்த முடியவில்லை. குழாய் அடைத்துவிட்டது. மே கம்மூன் ஒருமுறை கனமாக மூச்சுவிட்டாள். கால் நடுங்கியது.

"அக்கா, தள்ளி வாங்க!" நான் மறைவிலிருந்து கத்தியே விட்டேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடைத்ததை உருவி எறிந்தார். பெட்டிக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். அவசரப்படாமல், அடியிலிருந்து மேலாக, விளிம்பு வரை நிரப்பினார். உறையும்வரை உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தார். கூடையில் பழம் தீர்ந்துபோனதால் மாமா தோலை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் அதையும் தின்றாள்.

மறுநாள் விடியும்போதே மூவரும் ஓடைக்கரையில் நின்றோம். அவள் தண்ணீரிலிருந்து கரையேறியதும் மாமா மண்டியிட்டுப் பார்த்தார். "இருக்கு" என்றார். அடுத்த நாளும் இருந்தது. மெல்ல மெல்லத் தேய்ந்ததே தவிர நழுவவில்லை. வாடை குறைந்தது, வீக்கம் வற்றியது. இரண்டாம் முறை நிரப்பப் போனபோது என் விரல் பாதிக்குமேல் நுழையவில்லை, சிவப்பாகப் புதுச்சதை. அன்று அவள் என்னை அடிக்கவும் இல்லை.

மழை பிடித்தபோது நாலு காலையும் ஊன்றிக் காட்டுக்கு ஏறினாள். கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தாள். அது போகாது என்று நினைக்கிறேன். மாமா அவள் பின்னால் போனார், எங்களிடம் சொல்லிக்கொள்ளவும் மறந்து.

"நகரத்து ஆஸ்பத்திரியில சர்க்கரை நோயாளிங்க கால் புண்ணுக்கு இதைக் கேக்கறாங்களாமே?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"இன்னும் குடுக்க முடியாது. முதல் நாள் மருந்து ரொம்ப வேகமா வெளிய வருது. அதை அடக்கணும். அப்புறம் எத்தனையோ சோதனை இருக்கு."

"இன்னிக்கு ஒருநாளாவது சந்தோஷப்படுங்களேன்."

"பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றபடி வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒட்டரிசிச் சோற்றில் பாதியை என் பக்கம் நகர்த்தினார். "சீக்கிரம் சாப்பிடு. மூணு மணிக்கு எனக்கு வகுப்பு."