மூன்று மாத நீலம்

கூத்தாநல்லூரில், சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தவருக்கு அன்று தூக்கம் வராது. ரஹ்மத் பீவி அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். தஞ்சாவூர் லேடி டாக்டரிடமும் முதலில் பேரம்தான் பேசினாள்.

"மூணு மாசம்ங்கிறீங்க. ஒரு மாசமாக் குறைச்சுக்கக் கூடாதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "உண்டாகறதுக்கு முன்னாடியே மூணு மாசம் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கணும்மா. நாள் தள்ளிப்போச்சுன்னு உனக்குத் தெரியறதுக்குள்ள பிள்ளைக்கு இதயம், முதுகெலும்பு எல்லாம் உருவாக ஆரம்பிச்சுடும்."

"சரி, ரெண்டு?"

"மூணு. உன் உடம்பு குறைச்சா நானும் குறைக்கிறேன், கேட்டுப் பாரு. மூணு மாசம் கழிச்சு இங்க வந்து ரத்தம் கொடு. நான் சரின்னு சொன்ன பிறகுதான் பிள்ளைப் பேச்சு."

ரஹ்மத்துக்குப் பதினெட்டு வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. அன்று முதல் தினமும் இன்சுலின் ஊசி. கல்யாணமாகி முதல் பிள்ளை எட்டாம் மாதம் இறந்து பிறந்தது. அப்போது புருஷன் ஜெக்கரியா சிங்கப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. அடுத்த லீவு பங்குனியில். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, மார்கழி பிறந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

காலையில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஸ்பிரிட் விளக்கை ஏற்றுவாள். கண்ணாடிக் குழாயில் மருந்துக்கடை நீலத் தண்ணீரை ஊற்றி, அதில் தன் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவாள். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏற ஏற ஆபத்து.

"மூத்திரத்தை அடுப்புல ஏத்துற மருமகளை இந்த ஜில்லாவுலயே எனக்குன்னு பார்த்துக் கொடுத்திருக்கான் அல்லா" என்பாள் மாமியார், கேட்கிற தூரத்தில் யாராவது இருந்தால்.

அதையாவது சிரித்துத் தள்ளலாம். சோறு அப்படி இல்லை. அந்த வீட்டில் பெண்கள் சஹன் என்ற ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அதுவும். நாலு கை புகுந்த தாம்பாளத்தில் தன் கை எவ்வளவு எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? ரஹ்மத் ஊசி போட்ட அரை மணியில், ஒரு கிண்ணம் அளந்த சோற்றைத் தனியாகச் சாப்பிட்டாக வேண்டும்.

"ஆம்பளைங்க இன்னும் கை கழுவலை, அதுக்குள்ள மகாராணிக்குப் பசி" என்றாள் நாத்தனார். கொஞ்ச நாளில் அதையும் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அடுப்படியில் அவள் கிண்ணத்தைக் கழுவும்போது கூடத்தில் சஹனைச் சுற்றிச் சிரிப்புக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று போய்க் கேட்கும் உரிமை அவளிடமிருந்து எந்த நாளில் போனது என்று அவளுக்கே தெரியாது.

பச்சை வந்தது. ஒரு கல்யாண வீட்டு வாரத்தில் மஞ்சளும் வந்தது. பிறகு நீலமே நிலைத்தது.

சிங்கப்பூர் முதலாளிக்கு இந்த நீலக் கணக்கை யாரும் தந்தி அடிக்கவில்லை. வேறொரு சிப்பந்திக்குப் பங்குனியில் கல்யாணம் என்று, ஜெக்கரியாவைத் தை மாதக் கடைசியிலேயே கப்பல் ஏற்றிவிட்டார்.

வந்த அன்று கூடம் நிறைய ஜனம். பெட்டியிலிருந்து தைலம், கைலி, டார்ச் லைட் கிளம்பிக்கொண்டிருந்தன. டீ கொடுக்க வந்த மனைவியின் கைமேல் ஜெக்கரியா தன் துண்டைப் போட்டான். அவனைப் பெற்ற அத்தா மாட்டுத் தரகர். சந்தையில் பக்கத்தில் நிற்பவன் காதில் விழாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். மூன்று மாத விஷயத்தை அவள் கடிதத்தில் எழுதியிருந்தாள். அவன் ஒரு விரலைப் பிடித்தான். அவள் மூன்றைப் பிடித்தாள். அவன் ஒன்றும் ஒரு மடக்கிய அரையும் பிடித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூன்றை விடவில்லை. நாற்பது நாளை மனத்தில் ஓட்டிப் பார்த்து, லீவு முடிவதற்குள் மூன்று மாதம் நிறைந்துவிடும் என்று கண்டு அவன் மூன்றுக்கு வந்தான்.

அதுவரைக்கும் காவலுக்குச் சர்க்கார் கொடுக்கிற குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணப் பொட்டலம். "பிள்ளை வேணும்னு தவம் கிடக்கிறவ இதைக் கேட்டு வந்தது நீதாண்டி முதல் ஆளு" என்று ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் அம்சம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கையில் மூன்று மாதம் நிறைந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தஞ்சாவூருக்குக் கிளம்பினார்கள். தாளடி அறுவடை சமயம், கூலித் தகராறு. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார். வாய்க்கால் பாலத்தில் உள்ளூர்க் கூலியாட்கள் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் செங்கொடி நட்டிருந்தார்கள். பஸ் திரும்பிவிட்டது.

ஜெக்கரியா வாடகைக் கார் அப்துல் வஹாபிடம் போனான். இரண்டு மடங்கு என்றான், மூன்று மடங்கு என்றான்.

"மச்சான், அந்தப் பக்கம் கொடி, இந்தப் பக்கம் போலீசு. நடுவுல என் கார் கண்ணாடியா? சிங்கப்பூரையே எழுதிக் கொடுத்தாலும் வண்டி வராது."

தாசில்தார் ஆபீசில் சமாதானப் பேச்சு நாளுக்கு நாள் இழுத்தது. கப்பல் ஏற நாகப்பட்டினம் போகிற கிழக்கு ரோட்டில் மட்டும் ஒரு தகராறும் இல்லை. கப்பலுக்கு முதல் நாள் மத்தியானம், கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்து அவன் கேட்டான்.

"நீலமாத்தானே இருக்கு? போதாதா?"

"அது தாமதமாச் சொல்ற சாட்சி மச்சான். ரத்தத்துல நல்லா ஏறின பிறகுதான் அதுல தெரியுமாம். டாக்டர் இன்னும் சரின்னு சொல்லலை."

"நான் போனா ரெண்டு வருஷம்டி. எல்லாம் நல்லபடியா இருக்கும்னு நம்பு."

"போன தடவை நம்பித்தானே பெத்தேன்."

அவன் பெட்டிக் கயிற்றின் முடிச்சை நெருடினான்.

"நீங்க பார்க்கலை. வெள்ளைத் துணியில சுத்தறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன். உங்க நெத்தி. எட்டு மாசம் வயித்துல பேசிக்கிட்டிருந்தேன் அதுகிட்ட. இன்னொண்ணை அப்படி அனுப்ப என்னால ஆகாது."

அவன் அவள் கையைப் பிடித்தான். இந்தத் தடவை பேரம் பேசவில்லை. மறுநாள் கிழக்கு ரோட்டில் போனான். வாசலில் மாமியார் யாருக்கோ சொன்னாள்: "நாப்பது நாள் இருந்தும் ஒரு விசேஷமும் இல்லை."

பாதை திறந்ததும் ரஹ்மத் தனியாகத் தஞ்சாவூர் போனாள். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் டாக்டர் சீட்டைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. இனிமே தாராளமா உண்டாகலாம். வீட்டுக்காரரு வெளியில நிக்கிறாரா? கூப்பிடு."

"கப்பல்ல இருக்காங்க."

டாக்டர் சீட்டைக் கீழே வைத்தார். வெளியே நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

"இந்தச் சரிங்கிறது எத்தனை நாளைக்குச் செல்லும் டாக்டர்?"

"நீ இப்படியே வச்சிருக்கிற வரைக்கும். விட்டா போயிடும்."

கீழே மருந்துக்கடைக்காரர் வழக்கமான சின்ன நீலப் பாட்டிலை எடுத்து வைத்தார். ரஹ்மத் அதைத் திரும்பத் தள்ளினாள்.

"பெரிசு இருந்தா அதைக் கொடுங்க."