நாக்குக்கு அடியில்

1.
இந்தக் கதை ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. நெஞ்சைப் படம் எடுக்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு வெல்டர், காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அவன் இரண்டே வாக்கியம் பேசினான். மீதி நான் கட்டியது. நம்புவது உங்கள் பாடு. நானே பாதிதான் நம்புகிறேன்.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நோய் அவன் நெஞ்சுக்குள் ஒரு பறவையைப் போல...’

(பறவையாம். ரத்தமாக இருமிப் பார்த்தவன் இப்படி எழுத மாட்டான். அடித்துவிட்டேன்.)

காலையில் வெல்டர் நர்ஸ் முன்னால் மாத்திரையை விழுங்கி வாயைத் திறக்க வேண்டும். நாக்குக்கு அடியில் ஒளித்திருக்கிறானா என்று அவள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். பிறகு எடை. எடை ஏறிக்கொண்டே போனது; அவளுக்குச் சந்தோஷம். வீட்டில் பெண்டாட்டிக்கும் சந்தோஷம். அந்த மருந்து தின்றால் மூத்திரம் சிவக்கும். கக்கூஸ் வாசலில் நின்று அதை எட்டிப் பார்த்துக்கொள்வாள். சிவந்தால் புருஷன் பிழைத்தான்.*

* இந்தப் பெண்டாட்டியைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. பயந்தவள், அவ்வளவே.

3.
பட்டறையில் வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு ஒரு ஜன்னல் கம்பி முன்னால் உட்கார்ந்திருந்தான். வெகுநேரம். தீப்பொறி ஒன்றுகூட இல்லை. கூட வேலை பார்க்கும் மச்சினன் பார்த்துவிட்டான்.

“என்ன மச்சான், கனவுல வெல்டிங்கா? கரண்டாவது மிச்சம்.”

வெல்டர் சிரித்தான் [முகமூடிக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?]. முகமூடியைத் தூக்கியபோது கன்னம் நனைந்திருந்தது. வேர்வை என்று மச்சினன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மாத்திரை இறங்கியதும் நர்ஸிடம் சொல்லிவிட்டான்:

“சிஸ்டர், எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல.”

“மாத்திரை அப்படித்தான் அசதியாக்கும். எடையப் பாருங்க, நல்லா ஏறியிருக்கு. நாக்கைத் தூக்குங்க.”

தூக்கினான். டார்ச் வெளிச்சத்தில் அடியில் ஒன்றும் இல்லை. அவளுக்குத் திருப்தி.

4.
முடிவு: அவன் செத்துப்போகிறான். எழுதச் சுலபமாக இருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று: டாக்டர் தோளில் கை போட்டு, மனசுக்கும் வைத்தியம் இருக்கிறது என்று...

(வாசல்வரை வரிசை நிற்கும்போது எந்த டாக்டர் தோளில் கை போடுவார்? வைத்தியம் இருப்பது நிஜம்தான். இவனுக்கு அது வேண்டும் என்று முதலில் ஒருவருக்குத் தெரிய வேண்டுமே.)

5.
பெஞ்சில் அவன் சொன்ன இரண்டு வாக்கியத்தை இன்னும் சொல்லவில்லை.

“மாத்திரை போட்டாச்சான்னு எல்லாரும் கேக்குறாங்க பெரியவரே. தூங்குனியான்னு ஒருத்தரும் கேக்கல.”

அதற்குள் அவனைக் கூப்பிட்டார்கள். போய் வாயைத் திறந்தான்.

நாளைக்கும் வருவான். நான் வரமாட்டேன், என் படத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து இடம் காலி. நீங்கள் உட்காருங்கள். முதலில் அவனிடம் என்ன கேட்பீர்கள்? அதைப் பொறுத்துத்தான் அவன்...