பேபியின் மூன்றாவது வரி

1.

சினிமா ஏமாற்றிக் கைவிட்ட ஒருவரைப் பற்றி எழுதத்தான் மோர்னிங்சைட்டில் அமிர்தநாதர் வீட்டுக்குப் போனேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அமிர்தநாதருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. அறுபதுகளில் சென்னையில் ஒன்பது நகைச்சுவைப் படங்களுக்கு வசனம் எழுதியவர்; காதலர்கள் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல்வரை சண்டை பிடிக்கும் படங்கள். பிறகு கனடா வந்து, இதே மோர்னிங்சைட்டில் இருந்துகொண்டு பிஸ்கட் ஃபக்டரி வேலை. என் முதல் தொடக்கம் இது:

'உலகம் மறந்துபோன அந்தக் கலைஞனின் கண்களில்—'

வாசித்துக் காட்டினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தம்பி, என்னைப் பாவம் எண்டு எழுதாதையும். நான் குடுத்து வைச்சவன். அதில ஒரு பங்கு இன்னொராளின்ரை."

2.

அந்த ஆள் பேபி. ஸ்டூடியோவில் அவருடைய வசனங்களைப் படியெடுத்த, அவரைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண். இரண்டாவது படத்துக்கு முடிவு வராமல் அமிர்தநாதர் மூன்று நாள் தவித்திருக்கிறார். பணக்காரப் பெண்ணும் டாக்சிக்காரனும் எப்படிச் சமாதானமாவது? (அழுதிருப்பார் என்பது என் ஊகம். அவர் மறுக்கிறார்.) படியெடுத்த தாளின் அடியில் பேபி தானாகவே எழுதியிருந்தார்:

"உன்னை நான் மன்னிக்கலை. ஆனா நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?"

தியேட்டர்கள் அதிர்ந்தன. முதலாளி அமிர்தநாதரைக் கட்டிப்பிடித்தார். அது பேபியின் வரி என்று அமிர்தநாதர் சொல்லவில்லை. அடுத்த ஏழு படங்களும் அந்த இரண்டு வரியால் வந்தவை. நன்றி என்றுகூடச் சொல்லாமல் அறுபது வருடம்—

3.

இங்கே பேபியைச் சாகடிக்க நினைத்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் விசாரித்துப் பார்த்தால், பேபி வோபர்னில், பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், மகளோடு இருந்தார். அமிர்தநாதரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னார்.

"பேபி, அந்த ரெண்டு வரி உம்மடை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதாலதான் நான் வாழ்ந்தனான்."

பேபி அவரை உள்ளே கூட்டிவந்து இருத்தினார்.

"ரெண்டில்லை அண்ணை, மூண்டு. ஒண்டை நீங்கள் வெட்டிப்போட்டியள்."

பிறகு குனிந்து, வெட்டுப்பட்ட வரியை அவருடைய நல்ல காதுக்குள் சொன்னார். அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்தார். உந்த வரியை ஏன் வெட்டினனான் என்று பேபியிடமே கேட்டார். பேபிக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. தேத்தண்ணியோடு வந்த மகள் ஒன்றும் விளங்காமல் நின்றார்.

4.

எனக்கு அந்த வரி கேட்கவில்லை. இருவரும் சொல்லவும் இல்லை. நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்: 'சரி, வண்டியை எடு, ஆனா—' நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் வெட்டிவிட்டேன்.

கீழே பேபியின் மூன்றாவது வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நிரப்பத் தோன்றினால் நிரப்புங்கள். உங்கள் பெயரை மட்டும் போடாதீர்கள்.